மூணாவது ஓட்டைக்கு யார் பொறுப்பு?

எம்.டி. ராமநாதன் ஒரு ராகத்தை எடுத்தால் அவசரப்பட மாட்டார். அடிக்குரலில் இறங்கி, ஒரு ஸ்வரத்தில் நின்று, அது முழுசாக ஒலித்து அடங்கிய பிறகுதான் அடுத்த இடத்துக்குப் போவார். அப்படி நிற்கிற நேரத்தில் பின்னால் தம்புரா மட்டும் கேட்க வேண்டும். எங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபயர் செட்டில் கேட்டதோ கரண்ட் சத்தம். 'ம்ம்ம்' என்று, ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், பாட்டு தொடங்கும் முன்பிருந்து பாட்டு முடிந்து செட்டை அணைக்கும் வரை.

மெக்கானிக்குகள் இதை 'ஹம்' என்பார்கள். 'ஹம் அடிக்குது', 'ஹம் தூக்குது' என்று சொல்வார்கள். சினிமாப் பாட்டில் டிரம்ஸும் வயலின் கூட்டமும் வரும்போது இது மறைந்துபோகும். அதனால் பல வீடுகளில் இருப்பதே தெரியாது. கச்சேரிப் பதிவில் மறைய இடமே இல்லை.

'சின்ன சத்தம்தானே, பழகிடும் சார்' என்று என்னிடம் சொல்லாத ஆள் இல்லை. சொல்கிறவர்களுக்காக ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆம்ப்ளிஃபயர் அதை டி.சி.யாக மாற்றும்போது வடிகட்டாமல் எஞ்சுகிற அலை 100 ஹெர்ட்ஸ். ஒரு கட்டை சுருதியில் பாடுகிற ஆண் வித்வானுக்குத் தம்புராவின் முதல் தந்தி மந்தர பஞ்சமம். அது ஏறத்தாழ 98 ஹெர்ட்ஸ். 98-க்குப் பக்கத்தில் 100 நின்றால் விநாடிக்கு இரண்டு தடவை சத்தம் ஏறி இறங்கி அலையும். தம்புராவை ஒருவர் கஷ்டப்பட்டுச் சுருதி சேர்த்து வைத்திருக்க, பஞ்சமத் தந்தியை மட்டும் இன்னொருவர் லேசாகத் திருகிவிட்ட நிலைமைதான் இது. பெண்கள் பாடினாலும் தப்ப வழியில்லை. ஐந்து கட்டைக்கு ஆதார ஷட்ஜம் 196. ஐந்தரைக் கட்டைக்கு 208-க்குச் சற்றுக் குறைவு. ஹம்மின் அடுத்த மடங்கு 200, இரண்டிலும் சேராமல் நடுவில் நிற்கிறது. சுருதி என்பதை உயிராக நினைக்கிற சங்கீதம் நம்முடையது. அதைக் கேட்க உட்காரும் இடத்தில் சுருதி சேராத ஒரு நாதத்துக்குப் பழகிக்கொள்ளச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த நாதம் இப்போது நாடு முழுக்க ஒன்றுதான் என்பதையும் சொல்ல வேண்டும். 2013 டிசம்பர் 31 அன்று தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதிகளோடு இணைக்கப்பட்டது. 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் அலைவரிசையை வைத்திருக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. கன்னியாகுமரியில் ஒரு ஆம்ப்ளிஃபயர் முனகுகிற அதே சுருதியில்தான் காஷ்மீரிலும் முனகும். இவ்வளவு பெரிய நாட்டில் அலைவரிசையை அந்தச் சின்ன இடைவெளிக்குள் பிடித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கவனம் மீட்டர் பெட்டியைத் தாண்டி வீட்டுக்குள் வருவதில்லை.

ஹம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒழுங்கான வழி இருக்கிறது. யாருக்கும் அதில் பொறுமை இல்லை என்பதுதான் என் முதல் வருத்தம். வால்யூமைச் சுத்தமாகக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் ஹம் அதே அளவு இருந்தால் கோளாறு ஆம்ப்ளிஃபயருக்குள். பெரும்பாலும் பவர் சப்ளையில். வால்யூமோடு ஹம்மும் ஏறி இறங்கினால் அது வெளியிலிருந்து, ஏதோ ஒரு வயர் வழியாக வருகிறது. சத்தத்தின் ஜாதியையும் கவனிக்கலாம். அடியில் உருண்டையாக 'ம்ம்ம்' என்றால் 50; மேலே முள் முள்ளாக 'ஸ்ர்ர்ர்' என்றால் 100-உம் அதன் மடங்குகளும். ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை, பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்தால்தான் கேட்கிறது என்றால் ட்ரான்ஸ்ஃபார்மரின் இரும்புத் தகடே அதிர்கிறது. அது வேறு கதை. இந்த மூன்றையும் பார்க்க அரை நிமிஷம் போதும். நான் கூப்பிட்டவர்களில் ஒருவர்கூட இதைச் செய்யவில்லை. வந்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூடியைக் கழற்றினார்கள்.

மூடியைக் கழற்ற வேண்டிய கேஸ்களும் உண்டு, மறுக்கவில்லை. நம் ஊரில் வீட்டுக்கு வீடு அசெம்பிள் செட் பாடிய காலம் இருந்தது. இப்போதும் முழுசாகப் போய்விடவில்லை. 4440 ஐ.சி. போர்டு, 12-0-12 ட்ரான்ஸ்ஃபார்மர், ஒரு மரப்பெட்டி; ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சுற்று நடந்தால் எல்லாம் கைக்கு வந்துவிடும். அதைச் செய்த கைகளின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ட்ரான்ஸ்ஃபார்மரைக் கொண்டுபோய் வால்யூம் கண்ட்ரோலுக்கு அடியிலேயே முடுக்குவது, கண்ட்ரோலின் உலோக உடம்பைக் கிரவுண்டோடு சேர்க்காமல் விடுவது, ஃபில்டர் கண்டென்சரில் காசு மிச்சம் பிடிப்பது, இவை எல்லாம் ஹம்மை நாமே உள்ளே வைத்து மூடுகிற வேலைகள். திருகியைத் தொட்டால் ஹம் மாறுகிறது என்றால் இரண்டாவது தப்பு நடந்திருக்கிறது.

பழைய கம்பெனி செட்டிலும் கண்டென்சர் காய்ந்துபோகும். 4700 மைக்ரோஃபாரட் என்று போட்டிருக்கும் நீல உருளையின் தலை தட்டையாக இருக்க வேண்டும். விரலால் தடவினால் மேடாகத் தெரிந்தால் அதன் காலம் முடிந்தது. உடம்பில் 85 டிகிரி, 105 டிகிரி என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். சூடு பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலின் பழைய கணக்கு. மே மாதச் சென்னையில், கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள், மேலே ஒரு லேஸ் துணியும் விரித்து ஆம்ப்ளிஃபயரை வைக்கிற வீடுகளில் கண்டென்சர் எத்தனை நாள் தாங்கும்?

எங்கள் செட்டில் கண்டென்சர் நன்றாகத்தான் இருந்தது. வால்யூமைக் குறைத்தால் ஹம்மும் குறைந்தது. பின்பக்கத்தில் செருகியிருந்த வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். டி.வி.யிலிருந்து வரும் ஆடியோ வயரைப் பிடுங்கியதும் பாதிக்கு மேல் அடங்கியது. அதை மறுபடி செருகிவிட்டு, செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் கேபிள் கனெக்‌ஷனைக் கழற்றினேன். அப்போதும் அதே அளவுக்கு அடங்கியது. திரும்பத் திருகினேன், வந்தது. ஆக, ஹம்மில் பெரும்பங்கு எங்கள் வீட்டுச் சரக்கே இல்லை. தெருக் கம்பத்திலிருந்து இறங்கி வருகிறது.

இது எப்படி நடக்கிறது என்று கேபிள்காரரிடம் விளக்கிப் பார்த்தேன். கேபிள் வயரின் மேல் பின்னலாகச் சுற்றியிருக்கும் உலோகம் கம்பத்தில் இருக்கிற அவர்களுடைய ஆம்ப்ளிஃபயர் பெட்டியோடு சேர்ந்திருக்கிறது. அந்தப் பெட்டிக்கு அங்கே ஒரு தரை. என் ஆம்ப்ளிஃபயருக்கு வீட்டு எர்த் வழியாக வேறொரு தரை. இரண்டு கிணறுகளின் நீர்மட்டம் ஒன்றாக இல்லாதபோது நடுவில் ஒரு குழாய் போட்டால் தண்ணீர் ஓடும் அல்லவா, அப்படி இரண்டு தரைகளுக்கும் இடையில் மின்சாரம் ஓடுகிறது. ஓடுகிற வழி நம் ஆடியோ வயரின் ஷீல்டு. அந்த ஷீல்டுதான் பாட்டுக்கும் திரும்பும் வழி. அதனால் ஓடுகிற 50 ஹெர்ட்ஸ் பாட்டோடு கலந்துவிடுகிறது. 'கிரவுண்ட் லூப்' என்பது இதைத்தான்.

கேபிள்காரர் சொன்ன பதில்: 'டி.வி. படம் கிளியரா வருதுல்ல சார்? அது எங்க ப்ராப்ளம் இல்ல.'

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. கேபிள் வரும் இடத்தில் ஐசொலேட்டர் என்று ஒரு சின்ன உலோகத் துண்டைச் சேர்த்தால் படம் போகும், தரை மின்சாரம் போகாது. டி.வி.யிலும் ஆம்ப்ளிஃபயரிலும் ஆப்டிகல் சாக்கெட் இருந்தால் இன்னும் நல்லது. 1983-இல் தோஷிபா கொண்டுவந்த அந்த வகை வயரில் போவது வெளிச்சம், அதில் லூப் ஏற்பட வழியே கிடையாது. அதுவும் இல்லையென்றால் ஒன்றுக்கு ஒன்று ஆடியோ ட்ரான்ஸ்ஃபார்மர். கம்பி கம்பியைத் தொடாமல் பாட்டை மட்டும் கடத்தும். இவ்வளவு வழி இருக்க, கடையில் எனக்குக் காட்டியது தங்க முலாம் பூசிய பின் உள்ள, விரல் பருமன் வயர். தடியான வயர் லூப்பை உடைக்காது. இது விற்கிறவருக்குத் தெரியாதா, தெரிந்தும் சொல்லவில்லையா என்று எனக்குப் புரியவில்லை. இன்னொருவர், 'ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கிடுங்க, வயரே வேணாம்' என்றார். என்னிடம் எல்.பி. ரெக்கார்டுகளும் அவற்றைச் சுற்றும் ப்ளேயரும் இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

ரெக்கார்டு ப்ளேயரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஹம்முக்கு அதைவிட வசதியான வாசல் கிடையாது. ஊசி தருகிற மின்னழுத்தம் சுமார் 5 மில்லிவோல்ட். சி.டி. ப்ளேயர் தருவது 2 வோல்ட். நானூறு மடங்கு வித்தியாசம். அதற்கு மேல், ரெக்கார்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலியைக் குறைத்து வெட்டுவார்கள். கேட்கும்போது ஆம்ப்ளிஃபயர் அதை ஈடுகட்டித் தூக்க வேண்டும். 1000 ஹெர்ட்ஸை விட 50 ஹெர்ட்ஸ் ஏறத்தாழ 7 மடங்கு தூக்கப்படுகிறது. வழியில் ஒட்டிக்கொண்ட ஹம்முக்கும் அதே 7 மடங்கு. அதனால்தான் இரண்டு ஆடியோ வயரோடு மூன்றாவதாக ஒரு மெல்லிய வயர், நுனியில் கவை போன்ற தகட்டோடு, ப்ளேயரிலிருந்து தொங்கும். அதை ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இருக்கிற திருகில் முடுக்க வேண்டும். பழைய ப்ளேயர் விற்கிற இடங்களில் முதலில் அறுபட்டுப் போயிருப்பது இந்த வயர்தான். 'அது எதுக்குன்னு தெரியல சார், சும்மா தொங்கிட்டிருந்துச்சு, வெட்டிட்டோம்.' ஐம்பது வருஷம் தாண்டிய ஒரு கருவியின் எர்த்தை, எதுக்கு என்று தெரியாமலே வெட்டியிருக்கிறார்கள்.

கேபிள் லூப்பை ஐசொலேட்டர் போட்டு உடைத்தேன். பெரும்பகுதி போய்விட்டது. மிச்சம் கொஞ்சம் நின்றது. அது ராத்திரி படுக்கையறையில் ஏ.சி. கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும்போது சட்டென்று ஏறியது, நின்றதும் இறங்கியது. ஹால் ஆம்ப்ளிஃபயருக்கும் படுக்கையறை ஏ.சி.க்கும் என்ன சம்பந்தம்? செட்டுக்குள் இருக்கிற கோளாறாக இருந்தால் ஏ.சி.யை அது கேட்டுக்கொண்டு இருக்காது. பார்க்க வேண்டியது வீட்டு வயரிங்.

முன்பு வந்த ஆம்ப்ளிஃபயர் மெக்கானிக் ஒருவர் இதற்குச் சொன்ன வைத்தியம் நாடெங்கும் நடக்கிற வைத்தியம். 'எர்த்தை எடுத்துடுங்க சார். மூணு பின்னை ரெண்டு பின் ஆக்கிட்டா ஹம் நின்னுடும்.' நிற்கும்தான். லூப்பின் ஒரு கால் ஒடிந்தால் ஹம் நின்றுதான் ஆக வேண்டும். ஆனால் நம் ப்ளக்கில் மேலே இருக்கிற அந்தப் பெரிய பின்னை மற்ற இரண்டையும் விட நீளமாகவும் தடியாகவும் ஏன் வைத்திருக்கிறார்கள்? செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியாகப் பிரிய வேண்டும். பெட்டிக்குள் எந்த வயராவது இன்சுலேஷன் விட்டு உலோக உடம்பைத் தொட்டால் அந்த மின்சாரம் போகிற பாதை அது. அதை வெட்டிவிட்டால் உடம்பு 230 வோல்ட்டில் நிற்கும். அடுத்து தொடுகிறவர்தான் பாதை. 1972-இல் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீ நகரத்தில் லெஸ்லி ஹார்வி என்ற கிதார் கலைஞர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். வயது 27. இங்கே நம் கல்யாண மண்டபங்களிலும் கோயில் விழாக்களிலும் மைக் பிடிக்கிற கைகளைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது. ஹம்முக்காக எர்த்தை வெட்டச் சொல்கிற யாரையும் நான் வீட்டுக்குள் விடுவதில்லை.

எலெக்ட்ரீஷியனை வரவழைத்தேன். நல்ல பையன், வேலையும் சுத்தம். ஹாலில் ஆம்ப்ளிஃபயர் செருகியிருக்கும் ப்ளக் பாயிண்ட்டைக் காட்டி, 'இதுல எர்த் வருதா தம்பி?' என்று கேட்டேன்.

'கரண்ட் வருதுல்ல சார்?'

'கரண்ட் வருது. எர்த் வருதான்னு கேக்கறேன்.'

திருகைக் கழற்றி முன் தகட்டை வெளியே இழுத்தார். சிவப்பு வயர், கறுப்பு வயர், பின்னால் ஒரு பச்சை வயர். பச்சை வயர் எதிலும் சேரவில்லை. நுனியை வெட்டி, டேப் சுற்றி, மடித்து, சுவரோடு அழுத்தி வைத்திருந்தது. அதற்குப் பதிலாக சாக்கெட்டின் எர்த் முனையிலிருந்து பக்கத்திலேயே இருக்கும் நியூட்ரல் முனைக்கு விரல் நீளத்தில் ஒரு கறுப்பு வயர்த் துண்டு. பட்டுக் கத்தரித்தாற்போல் நேர்த்தியாகச் சீவி, இரண்டு பக்கமும் இறுக்கமாக முடுக்கியிருந்தார்கள். அக்கறையோடு செய்த வேலை அது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது.

'ஹாலுக்கு வர்ற எர்த் லைன் எங்கயோ கட்டு சார். அதான் நியூட்ரல்ல லூப் அடிச்சிருக்காங்க. எல்லா வீட்லயும் இப்படித்தான் பண்ணுவாங்க.'

எல்லா வீட்டிலும் என்று அவர் சொன்னதை நான் நம்புகிறேன். அதுதான் என் ஆதங்கமே. நியூட்ரல் என்பது வீட்டில் ஓடுகிற அத்தனை சாமானின் மின்சாரமும் திரும்பிப் போகிற வயர். ஏ.சி. ஓடினால் அதில் பல ஆம்பியர் போகும்; வயரின் நீளத்துக்கும் பருமனுக்கும் ஏற்றபடி சில வோல்ட் விழும். அந்த சில வோல்ட் இந்த விரல் நீளத் துண்டு வழியாக என் ஆம்ப்ளிஃபயரின் உடம்புக்கு வந்து, அங்கிருந்து ஆடியோ வயரில் ஏறுகிறது. ஏ.சி. கிளம்பும்போது ஹம் ஏன் தூக்குகிறது என்பதற்கு இதுவே விடை. அதோடு போனால் பாட்டுக்குத்தான் நஷ்டம். மெயின் பெட்டியிலோ வெளியிலோ நியூட்ரல் வயர் எங்காவது கழன்றால், ஃபிரிட்ஜ் வழியாகவும் விளக்குகள் வழியாகவும் பேஸ் மின்சாரம் இந்தப் பக்கம் வந்து நிற்கும். அப்போது 'எர்த்' போட்டிருக்கிற அத்தனை உலோக உடம்பும் ஷாக் அடிக்கும். எர்த்தே இல்லாத வீட்டைவிட இப்படிப் பொய்யாக எர்த் காட்டுகிற வீடு ஆபத்தானது.

இன்னொன்றும் அன்றைக்குத் தெரிந்தது. மெயின் பெட்டியில் ஆர்.சி.சி.பி. இருக்கிறது, ஆனால் அதற்கு வரும் வயரும் போகும் வயரும் நேராக ஒன்றோடொன்று சேர்த்து முறுக்கப்பட்டிருந்தன. 30 மில்லியாம்பியர் கசிந்தாலே துண்டித்து உயிரைக் காக்க வேண்டிய சாதனம் சும்மா அலங்காரமாக உட்கார்ந்திருக்கிறது. காரணத்தை யோசித்தால் சங்கிலி தெரிகிறது. நியூட்ரலையும் எர்த்தையும் ஒட்டினால் திரும்புகிற மின்சாரத்தில் கொஞ்சம் எர்த் வழியாகப் போகும், ஆர்.சி.சி.பி. அதைக் கசிவு என்று கண்டுபிடித்து விழும். சரியாகத்தான் விழுகிறது. 'அடிக்கடி விழுது' என்று வீட்டுக்காரர் புகார் சொல்லியிருப்பார். வந்தவர் லூப்பை எடுக்காமல், விழுகிற சாதனத்தை விலக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

எர்த் லைன் எங்கே கட்டு என்று தேடினோம். ஹாலுக்குப் போகும் பைப்பில், பொய்க் கூரை போட்டபோது ஒரு திருகு வயரைக் குத்தியிருந்தது. புது வயர் இழுத்தாயிற்று, லூப்பை எடுத்தாயிற்று, ஆர்.சி.சி.பி. மறுபடி வேலை செய்கிறது. வாஷிங் மெஷின் பாயிண்ட்டிலும் அதே கறுப்புத் துண்டு இருந்தது. அதை எடுக்கும்போது என் மனைவி பக்கத்தில் நின்று பார்த்தாள். ஈரக்கையோடு தினம் அந்த மெஷினைத் தொடுகிறவள் அவள்தான்.

இதற்கு நடுவில் சில்லறைத் தொந்தரவுகளையும் ஒழித்தேன். பழைய வட்டத் திருகு வகை ஃபேன் ரெகுலேட்டர் மின்சார அலையை நறுக்கிக் கொடுக்கும்; அந்த நறுக்கல்தான் 'ஸ்ர்ர்ர்'. ஸ்டெப் ஸ்டெப்பாகத் திருகும் கண்டென்சர் வகைக்கு மாற்றினால் போய்விடும். ரெண்டு பின் அடாப்டரில் லேப்டாப்பைச் செருகி ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தால் வரும் எரிச்சல் சத்தம், அதே லேப்டாப்பின் மேல் கையை வைத்தால் சுருக்கென்று உறைக்கிற அதே கசிவுதான். எர்த் உள்ள மூணு பின் அடாப்டர் போட்டால் இரண்டும் நிற்கும். 2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் ஊரெல்லாம் அவசரமாக வாங்கிய சதுர அலை இன்வெர்ட்டர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. அதில் ஃபேனே முனகும். ஆம்ப்ளிஃபயரைச் சொல்லவே வேண்டாம்.

இப்போது வீட்டுக்குள் எர்த் வயர் ஒழுங்காக இருக்கிறது. அது போய்ச் சேருகிற இடம்? எங்கள் அடுக்ககத்தின் எர்த் பிட் கார் நிறுத்தும் இடத்தில் இருந்ததாகப் பழைய ஆட்கள் சொல்கிறார்கள். இருந்தது. சில வருஷம் முன்பு புதுத் தளக்கல் பதித்தபோது மேலே மூடிவிட்டார்கள். எர்த் பிட் என்பது குழி தோண்டிக் குழாயைச் செருகி விட்டுவிடுகிற வேலை இல்லை. 2.5 மீட்டருக்குக் குறையாத குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு, மேலே மூடியோடு ஒரு தொட்டி கட்டி, கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஐ.எஸ். 3043 என்று இதற்காகவே ஒரு தர விதித் தொகுப்பு இருக்கிறது. மண் காய்ந்தால் மின்தடை ஏறும். எங்கள் பிட்டுக்குக் கடைசியாகத் தண்ணீர் ஊற்றியவர் யார் என்று வாட்ச்மேனுக்கும் தெரியவில்லை, சங்கத்துக்கும் தெரியவில்லை.

செயலாளரிடம் போனேன். 'இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையே சார்' என்றார். ஆகாமல் இருந்ததற்குக் காரணம் அதிர்ஷ்டம் என்பதை எண்களோடு சொன்னேன். எர்த்தின் மின்தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரிட்ஜின் உடம்பில் பேஸ் வயர் பட்டால் 230 வோல்ட்டில் 23 ஆம்பியர் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு உடனே விழாது; நிமிஷக் கணக்கில் தாமதிக்கலாம். 50 ஓம் என்றால் ஓடுவது 4.6 ஆம்பியர், எம்.சி.பி. விழவே விழாது. உடம்பில் மின்சாரம் அப்படியே நிற்கும். ஆர்.சி.சி.பி.யை நேராக இணைத்து வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் இதுதான் நிலைமை, எங்கள் கட்டடத்தில் எத்தனை வீட்டில் அப்படி என்று ஒருவரும் பார்க்கவில்லை. கேட்டுவிட்டு, 'சார், உங்களுக்குப் பாட்டுல சத்தம் வருதுன்னுதானே ஆரம்பிச்சீங்க?' என்றார்.

ஆமாம், அதில்தான் ஆரம்பித்தேன். சுவருக்குள் என்ன நடக்கிறது என்பதைக் காதில் வந்து சொன்னது அந்தச் சத்தம் ஒன்றுதான். இந்த வீட்டை விற்ற பில்டர் சொல்லவில்லை, வயர் இழுத்தவர் சொல்லவில்லை, தளக்கல் பதித்தவர் சொல்லவில்லை. இவர்கள் ஒவ்வொருவரும் தன் பங்கு வேலையை முடித்துச் சம்பளம் வாங்கிப் போயிருக்கிறார்கள். ப்ளக் பாயிண்ட்டில் எர்த்துக்கான அந்த மூணாவது ஓட்டை மட்டும் யார் பங்கிலும் வரவில்லை.

அடுத்த சங்கக் கூட்டத்தின் பட்டியல் வந்திருக்கிறது. லிஃப்டுக்குள் கண்ணாடி மாற்றுவது முதலில். எர்த் பிட் கடைசியில், 'இதர விஷயங்கள்' என்பதற்குள். அதை முதலாவதாக எடுக்க வேண்டும் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன். தளக்கல்லைப் பெயர்த்து பிட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். எர்த் டெஸ்டர் வைத்து அளந்து எத்தனை ஓம் என்று கையெழுத்தோடு தர வேண்டும்; 5-க்கு மேல் இருந்தால் புதுக் குழாய் இறக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுப் பெட்டியையும் திறந்து நியூட்ரல் லூப் இருந்தால் எடுக்க வேண்டும், ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை வீட்டுக்காரர் முன்னாலேயே அழுத்திக் காட்ட வேண்டும். எலெக்ட்ரீஷியன் தம்பி வருவதாகச் சொல்லியிருக்கிறார். மல்டிமீட்டர் என்னுடையதைக் கொண்டுவருகிறேன்.